வேற ஒண்ணுமில்ல

தைப்பிங்கிலிருந்து அக்கா அனுப்பும் குரல்பதிவுகளை
இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்பேன்.
நான்கு நிமிடம் இரண்டாகிவிடும்.
டுரியான் விலை, அடுத்த வீட்டுப் பூனை,
மாமாவின் பழைய வேன், நிற்காத மழை,
எல்லாமே ஒரு குருவி
மூச்சுவிடாமல் கத்துவதுபோல்
காதைக் கடந்து போகும்.
முடிவதற்குள் கட்டைவிரல் படம் ஒன்றை
அனுப்பிவிடுவேன்.
நான் உம் கொட்டுவது அப்படித்தான்.

நேற்று டாங் வாங்கியில் ஏறினேன்.
மஸ்ஜிட் ஜாமெக்குக்கு முன்னால்
சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது ரயில்.
ஒலிபெருக்கி மலாயில் மன்னிப்புக் கேட்டது.
எதிரே ஒரு சீனப் பையன்
பாவ் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு
கண்ணாடியில் தன்னையே பார்த்திருந்தான்.
சிக்னல் இல்லை.
முன்பே இறங்கியிருந்த அக்காவின் பதிவு மட்டும் இருந்தது.
மழையில் நனைந்த விரல் எங்கே பட்டதோ,
அவள் அவளுடைய வேகத்தில்
பேச ஆரம்பித்தாள்.

எவ்வளவு மெதுவாகப் பேசுகிறாள்!
"கிலோ இருபத்தெட்டு வெள்ளி லா, யாரு வாங்குவா"
என்பதற்குப் பின்னால்
ஒரு சிரிப்பு இருந்தது, பாதியில் நின்றது.
தகரத்தில் மழை. குளிர்பெட்டியின் முனகல்.
நாற்காலி இழுபடும் ஓசை.
"வேற..." என்றாள்.

எண்ணினேன். பதினொரு நொடி.

"...ஒண்ணுமில்ல."

என் வேகத்தில் அது ஐந்தரை நொடிதான்.
அதற்கும் பொறுத்ததில்லை.
"வேற" என்றதுமே என் கட்டைவிரல்
தைப்பிங் போய்ச் சேர்ந்திருக்கும்,
எத்தனை மாதமாகவோ.

பசார் செனியில் இறங்கினேன்.
என் நிலையம் அதுவல்ல.
கீழே ஆறு, தே தாரே நிறத்தில்.
அழைத்தேன்.
"என்னா, காசு ஏதும் வேணுமா?"
எடுத்தவுடனே கேட்டாள்.
"இல்லக்கா. வேற என்ன?"

பூனையைப் பற்றி மறுபடியும் சொன்னாள்.
குட்டி மூன்றாம். ஒன்றுக்குக் கண் திறக்கவில்லையாம்.
என் நாக்கில் யோசனைகள் வரிசை கட்டின:
டாக்டரைப் பார், ஈப்போவுக்கு மாறிவிடு,
அங்கே யோகா வகுப்பு இருக்கிறதாம்.
இரண்டை விழுங்கினேன்.
ஒன்று வழுக்கி விழுந்துவிட்டது.
"ம், பாக்கலாம்" என்றாள் உடனே,
பாதிக் கதவைச் சாத்தும் கடைக்காரி குரலில்.

கேள் என்றால் நம் மொழியில் இரண்டு பொருள்.
பள்ளியில் கை தூக்கித் தூக்கி
ஒன்றை மட்டும் நன்றாகப் படித்தவன் நான்.

வாயை மூடினேன்.
இரண்டு ரயில்கள் வந்து போயின.
"இருக்கியா?"
"ம்."
இன்னொரு ரயில்.

பிறகு சொன்னாள்.

அதை இங்கே எழுதப் போவதில்லை.
அது என்னிடம் சொன்னது.
பாலத்தில் விளக்கு எரிந்ததும்
என் கைப்பேசி மூன்று விழுக்காடு என்று சிணுங்கியதும்
யாரோ ஒருவர் என் பையை
இடித்துக்கொண்டு போனதும் தெரியும்.
அவள் இன்னும் முடிக்கவில்லை.
சுவரில் ஒரு மின்பொருத்தி தேடி
காதிலிருந்து எடுக்காமலே
நடந்துகொண்டிருந்தேன்.