எந்த ஆறு

சிலிக்கான் ஓயசிஸ், ஒன்பதாம் மாடி.
வெளியே நாற்பத்தாறு, உள்ளே பத்தொன்பது.
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
வெப்பம் வரைந்துகொண்டிருக்கிறேன்:
எந்தச் சிவப்பில் பயம் தொடங்க வேண்டும்,
மழைத்துளிக்கு வால் வேண்டுமா வேண்டாமா.

செயலிக்கு இன்னும் பெயரில்லை.
யாருக்கு என்பது மட்டும் ஒப்பந்தத்தில் இருக்கிறது:
ஒரு ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருக்கும்
காபி விவசாயிகள்.
ஒருவரையும் பார்த்ததில்லை.
காபியைப் பார்த்திருக்கிறேன்,
பொத்தானை அழுத்தினால் வரும்.

இரவுக் காவலுக்கு நம்போசோ.
மாடி மாடியாய் அணையாத விளக்குகளை எண்ணிக்கொண்டு வந்தவள்
என் திரை முன்னால் நின்றாள்.
"இந்த இலை தப்பு."
காபிக்கு இலை எதிரெதிரே, ஜோடியாக.
நான் மாற்றி மாற்றி வைத்திருந்தேன்,
படியேறும் கால்கள் மாதிரி.

உகாண்டாவில், எல்கன் மலைச்சரிவில்
முந்நூற்றுப் பதினேழு செடி அவள் பெயரில்.
தம்பி பார்த்துக்கொள்கிறான்.
இவள் வாட்ஸப்பில் விவசாயம் செய்கிறாள்:
இலையைத் திருப்பு, இன்னும் கிட்டே,
துருவா அது, மண்ணா?

அறுபது சதவீத மழையைக் காட்டப்
பத்துத் துளி வரைந்து
ஆறுக்கு நீலம் கொடுத்திருந்தேன்.
கூட்டத்தில் கைதட்டு வாங்கிய துளிகள்.
நம்போசோ ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.
"இதில் எந்த ஆறு வரும்?"

ஆங்கிலத்தில் கேட்டாள், எண்ணைத்தான் கேட்டாள்.
என் தலைக்குள் தமிழாகி விழுந்ததும்
கரை உடைந்தது.

அவள் மலையில் ஒன்று இருக்கிறதாம்.
ஒரு ராத்திரி எழுந்து
ஒரு மேட்டையே இழுத்துப்போனதாம்,
மேலே தூங்கியவர்களோடு.
"அன்றைக்கு உங்கள் துளியில்
எத்தனை நீலமாக இருந்திருக்கும்?"

எனக்கு ஏப்ரல் மழை ஞாபகம் வந்தது.
ஊரில் இருந்த போன் எல்லாம் ஒரே குரலில் அலற,
அணைத்துவிட்டு வண்டியெடுத்தோம்.
அல் குசைஸில் என் கார் கூரையில்
மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்,
கையில் எச்சரிக்கை ஒளிர.
அதை அவளிடம் சொல்லவில்லை.

அப்புறம் பத்துப் பன்னிரண்டு ராத்திரிகள்,
ரோந்துக்கு நடுவே பத்துப் பத்து நிமிடம்,
தோளில் வாக்கிடாக்கி கரகரக்க.
சதவீதத்தை எடுத்தோம்.
வேலையைப் போட்டோம்:
காயும் கொட்டையை இப்போதே அள்ளு.
அள்ள வேண்டாம், தார்ப்பாயைக் கையெட்டும் தூரத்தில் வை.
அங்கே சார்ஜ் ஏற்றக் காசு கேட்பார்கள் என்றாள்,
அசைகிற மேகங்களை அழித்தேன்.
கடைசியாக ஒரு பொத்தான் கேட்டாள்,
சொன்னது நடக்காவிட்டால் அழுத்த.
மழை பொய்த்தது என்று காலங்காலமாய்ச் சொல்கிற மொழி என்னுடையது.
நான் அதற்கு வைத்த பெயர்: பொய்த்தது.
மேலாளர் ரிஸ்வான் நெற்றியைத் தேய்த்தார்:
"நம்மை நாமே திட்டிக்கொள்ள யார் பணம் கொடுப்பார்?"
மூன்று திரைக்கு உள்ளே தள்ளிவைத்தோம்.

நம்போசோவை ஜெபல் அலிக்கு மாற்றிவிட்டார்கள்.
ஒரு கிடங்கு, பகல் ஷிஃப்ட்.

நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை,
முதல் "பொய்த்தது" வந்தது.
மூன்று திரை தாண்டித் தேடி அழுத்தியிருக்கிறார்கள்.
எல்கன். சோதனையாளர் எண் ஒன்று.
தம்பிதான்.

வானிலைக் கோப்பைத் திறந்தேன்.
மழை சொன்ன நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது.
மூன்று மணி.
அவன் திரையில் நான்கு என்று இருந்திருக்கிறது.
அந்த மலைக்கும் இந்த மாடிக்கும்
ஒரே ஒரு மணி நேரம்தான் வித்தியாசம்,
கடிகாரத்தை நான் துபாயில் வைத்திருந்தேன்.

திருத்த ஒரு வரி போதுமாக இருந்தது.

நம்போசோவுக்கு எழுதினேன், நீளமாக.
உணவு இடைவேளையில் பார்த்திருக்க வேண்டும்.
ஒரு படம் அனுப்பினாள்:
நனைந்து கறுத்த கொட்டை, இரண்டு தார்ப்பாய் நிறைய,
ஓரத்தில் யாருடையதோ வெறுங்கால்.
கீழே ஒரு வரி:
"எதிர்ச்சரிவில் இன்னும் பதினோரு பேர் வைத்திருக்கிறார்கள்.
அவர்களுக்கும் மாற்றிவிட்டீர்களா?"