நூற்றுப் பதினேழு

என் தடத்தில் இருநூற்றாறு வீடுகள்.
அவர் கைதான ஞாயிறு கழிந்து
நூற்றுப் பதினேழு வீட்டுப் புல்வெளியில்
நீலப் பலகை:
ஃபாதர் கெர்வாஸ், உங்களோடு நாங்கள்.

புல்வெளி என்பது பழக்கத்தில் சொல்வது.
முழங்காலளவு பனி அது.
உறைந்த மண்ணில் கம்பி இறங்காமல்
சுத்தியலால் அடித்து நட்டார்கள்.
அடிக்க முடியாதவர்களுக்கு
அடுத்த வீட்டார் வந்து அடித்துக் கொடுத்தார்கள்.
அப்படிப்பட்ட ஊர் இது.
சுப்பீரியர் ஏரிக் காற்று சுழற்றும் நாளில்
தபால்காரனுக்குக் கதவு திறக்கும் ஊர்.

திருமதி ஹ்ருஸ்கா காபி ஊற்றுகிறார்.
"விரல் விறைத்துவிடும், எமெட், உள்ளே வா."
கரண்டியால் கலக்கிக்கொண்டே,
"எவனோ காசுக்கு அலைகிறவன்.
முப்பது வருஷம் வாயில் என்ன
கொழுக்கட்டையா வைத்திருந்தான்?"

செய்தித்தாளில் அந்த எவனோவுக்குப் பெயரில்லை.
நாற்பத்தொரு வயது ஆண்,
இதே மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

சர்க்கரை போதும் என்கிறேன்.

இவர் கணவர் சாகக் கிடந்த இரவு
விடியும்வரை கட்டிலருகே இருந்தவர் ஃபாதர்.
என் அப்பாவின் பெட்டிக்கும்
ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.
அவை பொய்யென்று நான் எங்கும் சொல்லவில்லை.
பூசை உடுப்பு அறையின் உள்தாழ்ப்பாளும்
பொய்யில்லை.
அணைத்த மெழுகுத்திரியின் வாசனை.
எனக்குப் பதினொன்று.

வியாழனன்று பை கனத்தது.
தபால் பெட்டி மூடிகளில் துணிக்கவ்வி மாட்டி
வரிசையாக உறைகள்,
எல்லாம் ஒரே முகவரிக்கு,
மாண்புமிகு நீதிபதி அவர்களுக்கு.
கையெழுத்துகளை எனக்குத் தெரியும்.
கால்பந்துப் பயிற்சியாளர்.
என் பல்லைக் கட்டிய மருத்துவர்.
பிறகு, பச்சை மையில்,
எல்லா எழுத்துக்கும் வால் நீட்டி எழுதும்
என் அக்கா.

அவளிடம் நான் சொல்லவில்லை.
வக்கீலுக்குத் தெரியும். ஒரு பெண் போலீசுக்குத் தெரியும்.
அக்காவிடம் சொல்லலாமென்று இருந்தேன்
அந்த வாரந்தான்.

ஏரி நாலு தெரு தள்ளி.
பனிக்கட்டியில் மீன்பிடிக்கத் துளைத்த குழிகள்
ஒரு உறை நுழையும் அகலம்தான்.
பதினெட்டு வருஷத்தில்
ஒரு கடிதம் தொலைத்ததில்லை நான்.
அடுக்கி, ரப்பர் போட்டு,
அத்தனையும் சேர்த்தேன்.

கடைசி வீடு ஜோகே குடும்பம்.
அங்கே இரண்டு பலகைகள்.
பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட
மகன் டோபின் வந்தான்,
காலுறையோடு, இருபத்துமூன்று வயது,
போன வருஷம்வரை பீடத்தில் மணியடித்தவன்.
பேனாவை வாங்கினான். எழுதவில்லை.
"மொத்தம் எத்தனை பலகை?
உங்களுக்குத் தெரிந்திருக்குமே."
சொன்னேன்.
தோற்ற தேர்தலில் வாக்கு எண்ணிக்கை கேட்டவன்போல்
தலையாட்டினான்.
"அந்த ஆள் ஒருத்தர்தானா?"
"இதுவரைக்கும்."
உள்ளேயிருந்து அம்மாவின் குரல்,
கதவைச் சாத்து, சூடு போகிறது.
பெயரின் பாதியைத்தான் எழுதினான்.
பாதிக்கும் கோடு நேராக வரவில்லை.
எனக்குத் தெரிந்த கோடு அது.

சாட்சி சொல்லும் நாளைப் பற்றித்தான்
இத்தனை நாளும் பயந்திருந்தேன்.
அங்கே என்னைப் பார்க்கப்போகும் முகங்கள் பற்றி.
இவனைப் பற்றி நினைத்ததே இல்லை,
சன்னலோரம் நின்று
ஊரை ஒவ்வொரு வீடாக எண்ணிக்கொண்டிருப்பவனை.

ஆளில்லாத வீட்டில் விட்டுவரும் சீட்டு ஒன்று உண்டு.
வந்தோம், நீங்கள் இல்லை.
அதன் பின்பக்கத்தில்
கையுறையைக் கழற்றிவிட்டு எழுதினேன்:
நாற்பத்தொரு வயது. எமெட் ஸஹோரிக்.
முன்பக்கம், மீண்டும் வருவோம் என்ற கட்டத்தில்
ஒரு குறி.

மூன்று நாள் சட்டைப்பையில் கிடந்து
ஓரம் மடங்கிவிட்டது.
இன்று காலை கதவுத் துவாரத்தில் விட்டேன்,
மின்கட்டண ரசீதுக்கும்
விதைக் கம்பெனி விளம்பரத்துக்கும் நடுவில்.

விழுந்த சத்தம் கேட்டது.
உடனே உள்ளே ஒரு காலடி.
அவனுடையதா, அவன் அம்மாவுடையதா,
பனியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.