கொப்பரை ஒன்று, காணவில்லை

உசிலம்பட்டியிலிருந்து மேற்கே போகும் பஸ்ஸில்
இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் தெரியும்
கொப்பரைக்கரடு.
உயரமென்று ஒன்றுமில்லை,
ஒரு பீடி கரிவதற்குள் வெள்ளாடு உச்சிக்குப் போய்விடும்.
அதன் அடியில் ஏழு கொப்பரைப் பொன் என்கிறார்கள்.

டீக்கடையில் கேட்டால் பாண்டியன் புதைத்தது.
சலூனில் கேட்டால்
படை வருகிறதென்று நாயக்கர் அரண்மனையிலிருந்து
ராவோடு ராவாக வந்தது.
ஆட்டுச்சந்தையில் ஒருவர்
வெள்ளைக்காரன் கஜானாவை வண்டியோடு மடக்கினோம் என்றார்.
மடக்கினோம்.
நேற்று கூடவே நின்றவர் போல.
காவலுக்குப் பாம்பு மட்டும் எல்லாக் கதையிலும் ஒன்றே.
அதற்கு எந்த ராஜ்ஜியத்தில் சம்பளம் என்று
நான் கேட்பதில்லை.

கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளன் நான்.
உரைகல்லில் இழுக்காமல்
சொந்த மச்சினன் மோதிரத்தையும் நம்பியதில்லை.
சின்னக் கொப்பரை, நூறு லிட்டர் என்றே வைப்போம்.
தண்ணீரைவிடப் பொன் பத்தொன்பது மடங்கு கனம்.
ஏழு கொப்பரைக்குப் பதின்மூன்றரை டன்.
பதினான்கு வண்டி, இருபத்தெட்டு மாடு,
ஒரு கழுத்துமணி குலுங்காமல்
வழியில் ஒரு சாணி விழாமல்
கரட்டில் ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

காசிமாயனிடம் சொன்னேன்.
பொறுமையாகக் கேட்டுவிட்டு
"அப்ப பதிமூணரை டன்னு இருக்குங்கறீங்க" என்றான்.

அவன் பெண்டாட்டி விருமாயியின் சங்கிலியை
நான்தான் உரசினேன்: மூன்றேகால் பவுன், பழுதில்லை.
வெற்றிலையில் மை தடவிப் பார்த்தவருக்கு ஐயாயிரம்,
பீப் பீப் என்று கத்தும் கருவிக்கு நாள் வாடகை,
மிச்சமெல்லாம் ஜேசிபிக்கு, மணிக்கணக்கில்.
கருவி நன்றாகத்தான் கத்தியது.
எடுத்தது
லாடம் ஒன்று, சோடா மூடி பதினொன்று.

பிறகு ஒரு புதன்கிழமை
நிலப்பத்திரத்தோடு விருமாயி மட்டும் வந்தாள்.
மூலப்பத்திரத்துக்கு அடியில்
கரையான் ஓரம் தின்ற ஒரு தாள்.
பசலி 1345. கடன் டிகிரிக்கு ஜப்தி ஜாபிதா.
காசிமாயனின் பூட்டன் பின்னக்காளை வீட்டில்
அமீனா கண்டதும் காணாததும்:
ஏர் இரண்டு. மண்வெட்டி ஒன்று. உரல், காது உடைந்தது.
வெல்லம் காய்ச்சும் கொப்பரை ஒன்று, காணவில்லை.

எனக்கு உள்ளங்கை வேர்த்தது.
அமீனா வருவதற்கு முந்தின ராத்திரி
புருஷனும் பெண்டாட்டியும் அதைக் கரட்டில் உருட்டியிருப்பார்கள்,
ஒவ்வொரு கல்லிலும் அது கணீர் என்றிருக்கும்,
சாக்கு சுற்றியிருப்பார்கள்.
ஆடு தேடிப்போன யாரோ பார்த்து
கொப்பரை புதைக்கிறார்கள் என்று ஊருக்குள் சொல்லியிருப்பான்.
வெறுங்கொப்பரையை எவன் புதைப்பான்
என்று கேட்டவன் வாயிலிருந்து
முதல் பொன்காசு விழுந்திருக்கும்.
ஒன்று ஏழாக
எத்தனை கல்யாணவீடும் எத்தனை எழவுவீடும் ஆனதோ.

அழகாகத்தான் இருக்கிறது.
அதனாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை.
அமீனாவே விற்றுத் தின்றிருக்கலாம்.
பங்காளி வீட்டு அடுப்பில் இருந்திருக்கலாம்.
காணவில்லை என்றால் காணவில்லை,
அவ்வளவுதான் அந்தத் தாளில் இருக்கிறது.
நானும் ஒரு டீக்கடையைத் திறக்க வேண்டாம்
என்று மடித்து வைக்கப்போனேன்.

விருமாயி விடவில்லை.
வாசிக்கச் சொன்னாள்.
உரல் வரைக்கும் சும்மா இருந்தாள்.
அவள் தலைக்கு மேலே சுவரில்
அன்று காலை நான் ஒட்டிய ஏல நோட்டீஸ்,
ஆறாவது வரியில் அவள் சங்கிலி.
அதை அவள் இன்னும் பார்க்கவில்லை.

"அந்தக் கொப்பரை
இரும்பா, செம்பா?"

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
மறுபடி பார்த்தேன்.
திருப்பியும் பார்த்தேன்.
"போடலை" என்றேன்.

"செம்புன்னா
கிலோ என்ன விலை போகும்?"