சிரம் டீச்சர்

மார்த்தாண்டம் மேம்பாலத் தூணுக்கு எதிரே
அடகுக்கடைக்கு மேல், இரண்டாம் மாடி.
கீழே என்னைச் சைனா டீச்சர் என்பார்கள்.
கொரியா, கொரியா என்று திருத்துவதை
ஓணத்தோடு நிறுத்திவிட்டேன்.

காலை பேட்சில் பதினொரு பேர்.
ஷெர்லின் ஜெபா தொடர் பார்த்தே பாதி படித்து வந்தவள்.
என் மொழியில் அழ வரும், மன்னிக்க வரும்,
தக்காளி விலை கேட்க வராது.
வெல்டர் அஜின்தாஸ் ஒவ்வோர் எழுத்தையும்
தீப்பொறிக்குக் கண் சுருக்குவதுபோல்
சுருக்கிக்கொண்டு எழுதுவான்.
புதிதாகச் சேர்பவர் யாரானாலும்
முதல் நாளே எனக்கொரு ரகசியம் சொல்வார்:
"டீச்சர், உங்களுக்கும் அப்பான்னா அப்பாதான்!"
அப்படியா, என்பேன்.
நூற்று நாற்பதாவது முறை வியப்பதற்கும்
சேர்த்துத்தான் சம்பளம்.

வீட்டுக்காரி புஷ்பபாய் கேட்பார்: "சாப்பிட்டியளா?"
எங்கள் ஊரிலும் இப்படித்தான் கேட்பார்கள்.
ஆமாம் என்றால் அங்கே முடிந்துவிடும்.
இங்கே, என்ன கறி.
மீன் என்றேன், முட்டை தின்றுவிட்டு.
என்ன மீன்.
மதில் முழுக்க ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது.
எனக்குத் தமிழில் ஒரு மீன் பெயரும் தெரியாது.

நானாக எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வரி
கருங்கல் பஸ்ஸில், கம்பிக்கு மேலே:
கரம் சிரம் புறம் நீட்டாதீர்.
கவிதை என்றே நினைத்தேன்.
மூன்று சொற்களையும் பத்திரமாய் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
மறுவாரம் காய்ச்சல்.
மருந்துக்கடையில், ஒவ்வோர் எழுத்தாக,
"என் சிரம் வலிக்கிறது" என்றேன்.
கிறிஸ்துராஜ் அண்ணன் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு
சிரித்தார். மாத்திரைக்குக் காசு வாங்கவில்லை.
அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கு நான் சிரம் டீச்சர்.
சைனா போய்விட்டது, அதுவரை லாபம்.

யோசுவில் எங்கள் பள்ளிக்கு
கனடாவிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியர் வந்திருந்தார். பிரெண்டன்.
கேஸ் பில்லை நீட்டிக்கொண்டு என் மேசைக்கு வருவார்,
மாதம் தவறாமல், காதெல்லாம் சிவந்து.
என் பாஷையில் ஆப்பிளுக்கும் மன்னிப்புக்கும்
ஒரே சொல்: சாக்வா.
தாமதமாக வந்த ஒரு நாள்
தலைமையாசிரியரிடம் சாக்வா என்றார், குனிந்து.
"எங்கே, கொடுங்கள்" என்று கை நீட்டினார் அவர்.
அறையே சிரித்தது. முதலில் சிரித்தவள் நான்.
மறுநாள் ஒரு பை நிறைய ஆப்பிள் கொண்டுவந்து
மேசைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனார்.
எனக்கு வைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்
உரித்துத் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

இன்று மின்சார அலுவலகத்தில்
வெள்ளை அட்டையோடு நாற்பது நிமிடம்.
இந்த ஜன்னல் இல்லை, அந்த ஜன்னல்.
அந்த ஜன்னல் சாப்பிடப் போயிருந்தது.
"என்ன கறி?" என்று கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.
பில்லில் எனக்குப் புரிந்தது என் பெயர் மட்டும்,
அதுவும் புஷ்பபாயின் பெயராக இருந்தது.

வரும் வழியில் பாலத்துக்கடியில்
அரை கிலோ ஆப்பிள், விலை பேசாமல்.
கடைக்காரர் மேலே இரண்டு சாம்பக்காய் போட்டார்,
கேட்காமலேயே.
பிரெண்டன் இப்போது எந்த ஊரில் என்று தெரியாது.
பழைய முகவரி ஒன்று இருக்கிறது,
அதற்கு எழுதினால் எந்த மொழியில்.

பஸ் இரவிபுதூர்க்கடை தாண்டியதும் மழை.
ஷட்டரை இறக்கச் சொல்லிப் பின்னால் ஒரு குரல்.
இறக்குவதற்கு முன் கையை நீட்டி
ஓர் ஆப்பிளைக் கழுவினேன்.
"கைய உள்ள எடுங்க டீச்சர்" என்று கத்தினார் கண்டக்டர்.
கை, என்றார்.
கரம் என்று யாருமே சொல்வதில்லை.