மூன்றாம் சுற்று

நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட
ஊசி சிவப்பைத் தொட்டதை
நான் கண்டேன்.
சொல்லவில்லை.
அவரோடு கதைக்காமல் விட்டு அன்றைக்கு நாலு நாள்.
(சீட்டுக் காசு. தமையன். எனக்குச் சொல்லாமல்.
வேறொன்றும் இல்லை.)
வெள்ளைப் புகை முன்கண்ணாடியை மூடும்வரை
கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லொறிக்காரன் ஒருவன் கயிறு போட்டுக்
கோண்டாவில்வரை இழுத்துவந்து விட்டான்.
ஒயில் கம்பியை உருவிப் பார்த்தார்:
பால்தேத்தண்ணி.
சீனி மட்டும்தான் குறை.

சனிக்கிழமை விடியவே
தகரக் கொட்டிலுக்குள் பொனற்றைத் திறந்துவிட்டார்.
கழன்று வந்த பத்துப் போல்ற்றையும்
பிஸ்கற் பெட்டி மட்டையில் துளை போட்டு
இருந்த ஒழுங்கிலேயே குத்திவைத்தேன்.
கேட்காமல் செய்தேன்.
கேட்டிருந்தால் செய்திருக்க மாட்டேன்.

ஹெட்டைத் தூக்க இரண்டுபேர் வேண்டும்.
"ம்" என்றார்.
மறுபக்கத்தைப் பிடித்தேன்.
"ம்" சொல்லாகாது என்பது என் கணக்கு.

கீழே காஸ்கற்.
இரண்டாம் சிலிண்டர் ஓரத்திலிருந்து தண்ணீர்த் துளைவரை
நகத்தளவு கருகல்.
நெருப்பையும் தண்ணீரையும் எண்ணெயையும்
ஒன்றின் வீட்டுக்குள் ஒன்று போகாமல்
இத்தனை வருஷம் மறித்துவைத்தது
இந்தத் தகடுதானா?
தண்ணீர் போகும் வழியெல்லாம் வெள்ளைப் படை.
எங்கள் கிணற்றுச் சுண்ணாம்பு.
கேத்தில் அடியில் பிடிப்பது,
ஆசுப்பத்திரியில் எடுத்த கல்லென்று
மாமா போத்தலில் போட்டு வாறவர்களுக்குக் காட்டுவது.
கூலன்ற் வாங்குங்கோ என்று தையிலேயே சொன்னது ஆர்?
கதைப்பதென்றால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஸ்ரான்லி வீதி லேத்தில்
ஜெயசிங்கம் இரும்பு ஸ்கேலை ஹெட்டின்மேல் நிறுத்தி
ஒரு கண்ணை மூடி
அடியால் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தார்.
"நடு வளைஞ்சிட்டுது.
சூடேறினாப் பிறகும் ஓட்டினனீங்களோ?"
நாங்கள் இரண்டுபேரும்
தரையில் கிடந்த இரும்புச் சுருளைப் பார்த்தோம்.

ஞாயிறு. புதுக் காஸ்கற்.
டிப்போவில் வேலைசெய்யும் யூட் இரவல் தந்த டோர்க் சாவி,
அளவு வந்தால் "டிக்" என்னும்.
ஒரேயடியாய் இறுக்கக்கூடாது,
நடுவில் தொடங்கிக் குறுக்கும் மறுக்குமாய் வெளியே,
மூன்று சுற்று.
புத்தகத்தை வைத்து ஒராள் இலக்கம் வாசிக்க வேண்டும்.
அவர் கையெல்லாம் கிறீஸ்.

"ஒண்டு."
டிக்.
ஆறு நாளுக்குப் பிறகு
நான் அவருக்குச் சொன்ன முதல் சொல்.
"ரெண்டு."
டிக்.

இரண்டாம் சுற்றில், எட்டில்,
சாவி வழுக்கி விரல்முட்டி போய் அடித்தது.
நொந்ததோ என்று கேட்க வாயெடுத்து
"ஒன்பது" என்றேன்.

மூன்றாவதுதான் பாரம்.
முழங்காலை பம்பரில் ஊன்றி
முழு உடம்பாலும் இழுத்தார்.
"ஆறு."
டிக்.
"ஊசி ஏறினதை நான் கண்டனான்.
பாலத்துக்கு முதலே."

சாவி அந்தப் போல்ற்றிலேயே நின்றது.
பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் நிற்கும்வரை
அவர் நிமிரவில்லை.

"நானும் கண்டனான்."

புத்தகத்தில் வரியைத் தவறவிட்டு
விரலால் தேடிப் பிடித்தேன்.
"ஏழு."
டிக்.

எல்லாம் பூட்டி முடிய ஒரு வாசர் மிச்சம்.
எங்கேயுள்ளது என்று
அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.
சேர்ட் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்.
பச்சைக் கூலன்ற் ஊற்றினோம், பில் என் கைப்பையில்.
சீட்டுக் காசு இன்னும் அப்படியே கிடக்கிறது,
அதற்கு எத்தனை சுற்றோ.

நான் சாவியைத் திருப்பினேன்.
இருமியது, இன்னொருக்கால் இருமியது, பிடித்தது.
விசிறி தானாய்ச் சுழலும்வரை
நிற்பாட்டக்கூடாதாம்.
பொனற்றுக்குப் பின்னாலிருந்து,
முகம் தெரியாமல், கேட்டார்:
"ஊசி?"
"பாதி."
"இப்ப?"
"பாதிதான்."
"இப்ப?"