மூன்று பலகையும் ஏழு நிமிடமும்

பதினோரு வருடம் பெயிண்ட் விற்றவள் நான்.
பாகான் டாலாம் கடற்காற்றில்
எந்த டின்னும் மூன்று மழைக்காலம் தாண்டாது என்பதைச்
சொல்லாமல் விற்றவள்.
என் வீட்டு மேற்குச் சுவர்
ஊழியர் தள்ளுபடியில் நான்கு முறை பூசிக்கொண்டு
நான்கு முறையும் உரிந்தது.
உள்ளே கரையான்
தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது.

இந்த முறை டின் வாங்கவில்லை.
நாற்பத்திரண்டு பலகை, ஒரு சுருள் கம்பி,
ஆளிவிதை எண்ணெய் இரண்டு போத்தல்.
ஜப்பானில் இப்படித்தானாம்:
சுவரை முதலில் எரித்துவிட்டு
அப்புறம் கட்டுவார்கள்.

மூன்று பலகையை முக்கோணமாய்ச் சேர்த்துக் கட்டி
அடியில் பழைய பேப்பர் திணித்தேன்.
நினைவஞ்சலிப் பக்கங்கள் சட்டென்று பற்றுகின்றன.
நிமிர்த்தியதும்
நடுவில் இருந்த வெற்றிடம் மூச்சிழுத்தது.
என் தலைக்கு மேலே தீ
மேடேறும் லோரி போல் உறுமியது.

முதல் மூன்றும் போயின.
அழகாக எரிகிறதே என்று நின்றுவிட்டேன்.
கம்பியை வெட்டிப் பார்த்தால்
சாத்தே சுடக்கூட ஆகாத கரி.
அடுத்த கட்டுக்குக் கைப்பேசியில் மணி வைத்தேன்.
ஏழு நிமிடம்.

எதிர்வீட்டு கூ செங் ஹுவாட்
பொம்பாவை அழைத்துவிட்டார்.
சிவப்பு வண்டி சந்துக்குள் நுழையாமல்
தலைக்கவசத்தோடு நடந்தே வந்தார் ஷஃபிக்.
வீட்டை எரிக்கிறீர்களா என்று கேட்டார்.
ஆமாம், இனிமேல் எரியாமல் இருக்க.
அவர் சிரிக்கவில்லை.
விரிந்து கிடந்த பலகையைக் குனிந்து பார்த்தார்,
முதலைத் தோலாய் வெடித்த கருப்பு.
வாளித் தண்ணீரை ஊற்றினேன். சீறி அடங்கியது.
லைட்டரைத் தட்டி ஓரத்தில் பிடித்தார்.
இருவரும் எண்ணினோம்.
இருபது. முப்பது. பற்றவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பை அண்டாது என்பார்கள்.
இங்கே சூடு கண்ட மரத்தை
அடுப்பே அண்டவில்லை.
பாதி, ஈரத்தின் வேலை.
அதை நான் சொல்லவில்லை.
அடுத்த முறை போன் பண்ணிவிட்டு எரியுங்கள் என்று
கிளம்பினார்.

தேய்த்தேன், எண்ணெய் பூசினேன், ஆணி அடித்தேன்.
பதினேழு நாள்.
நகக்கண்ணில் கரி, தலையணையில் கரி,
கடை ரசீதுப் புத்தகத்தில் என் கட்டைவிரல்.
மழை வந்தது.
கருப்பின் மேல் விழும் மழை கண்ணுக்குத் தெரிவதில்லை.
காதுக்குத்தான்.

முதலாளி தீனதயாளன் பார்க்க வந்தார்.
வண்ண அட்டையை விரித்து
மை, நள்ளிரவு, ஈரப்பாறை, யானைக்கன்று
ஒவ்வொன்றாய்ச் சுவரோடு ஒத்துப் பார்த்தார்.
எதுவும் சேரவில்லை.
இது என்ன நம்பர் என்றார்.
ஏழு என்றேன்.

யோசித்துக்கொண்டே சாய்ந்தார்.
கடைசிப் பலகைகளில் எண்ணெய் காயவில்லை.
போகும்போது அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில்
என் சுவரின் மூன்று கோடுகள்
நேராக, மிக நேராக,
கார் வரைக்கும் நடந்து போயின.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.