பக்கம் 211

பஞ்சப்பள்ளியாரின் தன்வரலாறு
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தருமபுரி அச்சகத்தில்
மெய்ப்புப் பார்ப்பவன் நான்.
அவருடைய ‘நான்’களில் மட்டும்
ஒரு பிழையும் இல்லை.

பாலம் கட்டினார். சிறை சென்றார்.
தலைவர் இவர் தோளில் கைபோட்டார்.
கொட்டாவி விட்டபடி
ஒற்றுகளைச் செருகினேன்.

தோற்ற இரவு 211இல் வருகிறது.
பாலக்கோடு தாண்டி வண்டியை நிறுத்தி
கொடிக்கம்பியைக் கழற்றுகிறான் டிரைவர் முனிராஜ்.
துருப்பிடித்த திருகாணி
வரமாட்டேனென்கிறது.
இவரே இறங்கி டார்ச் பிடிக்கிறார்.
இருவரும் பேசவில்லை.
தக்காளி லாரிகள் போகின்றன.

ஆறிய டீயோடு
இன்னொரு முறை படித்தேன்.

காலையில் போன்:
“அந்தப் பக்கம் வேண்டாம்ப்பா,
அண்ணனுக்கு அழகில்லை.”

எடுத்துவிட்டேன்.
பக்க எண்களை மட்டும்
திருத்தவில்லை:
210, 212.